மூன்று அடுப்பு வீடு

இலங்கை மலைநாட்டில், றொசல்ல ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளத்தைக் கடந்து மேலே பார்த்தால் நீளமாக ஒரு தகரக் கூரை தெரியும். அது என் வீடு. அத்திவாரம் வெட்டியது நான், கல் சுமந்தது நான், வரைபடம் போட்டதும் நான்தான். வரைபடம் என்றால் தாளில் போட்டதில்லை. ஒரு மூங்கில் தடியை எடுத்து ஈர மண்ணில் கோடு இழுத்தேன், அவ்வளவுதான். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசன் லயத்தில் பிறந்து, சொந்தப் பேரில் நிலம் வாங்கிய முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் யார் என்று கேட்டால், இன்றைக்கும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

படிப்பு எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் புல்லு வெட்ட அனுப்பி விட்டார்கள். புல்லு வெட்டியவன், பிறகு மரம் வெட்டினேன். தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தைக் காய வைக்கும் சூளைகளுக்கு எவ்வளவு விறகு போட்டாலும் போதாது. அந்தச் சூளைகளுக்கு விறகு கொடுக்கும் கொந்தராத்தை எடுத்தேன். முதலில் தலைச்சுமை, பிறகு மாட்டு வண்டி, பிறகு லொறி. என் லொறி ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வரும் சத்தம் கேட்டால், வட்டவளையில் இருந்து அட்டன் வரை சூளைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள் என்று சொல்வார்கள். சொன்னது யார் என்று கேட்காதீர்கள். சொல்வார்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த வீடு ஒன்றே ஒன்றுதான், லயம். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், ஓர் அறைக்கு ஒரு குடும்பம். அறைக்கு முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் தாழ்வாரம், அதன் மூலையில் அடுப்பு. சொந்த வீடு கட்டும்போதும் என் கை அந்தக் கோட்டைத்தான் இழுத்தது. ஆனால் பெரிய ஆளாக இழுத்தது. லயத்தில் ஒரு வாசல் கிடைப்பதே பெரிய பாடு, என் வீட்டுக்கு மூன்று வாசல். ஒன்று எனக்கும் என் மனைவிக்கும், ஒன்று என் தம்பி குடும்பத்துக்கு, நடுவில் இருப்பது புருஷனை இழந்த என் அக்காவுக்கு. மூன்று இஸ்தோப்பு, மூன்று அடுப்பு. ஒருவர் பக்கத்தில் இருந்து இன்னொருவர் பக்கத்துக்குப் போக உள்ளே வழி கிடையாது. வெளியே வந்து, மழையென்றால் நனைந்துகொண்டு போக வேண்டும். அதில் ஒரு குறை இருப்பதாக எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. உலகத்தில் எல்லா வீடும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம்.

உள்வழி இல்லாததும் ஒரு வகையில் நல்லதாகத்தான் இருந்தது. என் மனைவிக்கும் தம்பி மனைவிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாம் ஒரு கருவாட்டுச் சட்டியால் வந்தது. இவளுடைய சட்டியை அவள் இரவல் வாங்கினாள். திரும்பி வந்தபோது அதில் ஒரு விரிசல். கொடுக்கும்போதே விரிசல் இருந்தது என்று அவள், இல்லை என்று இவள். அன்றிலிருந்து இரண்டு பேரும் கோழிகள் மூலமாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

"அடுத்தவ வாசல்ல போயி கெளறாத சனியனே, அவளே பொறுக்கித் தின்னுறவ" என்பாள் என் மனைவி, தன் கோழியைப் பார்த்து.

"ஒனக்குப் போட்டத நீ தின்னு. சில பேரு வாய் மட்டும் பெருசா இருக்கும், போடுறது நொய்யரிசிதான்" என்று அந்தப் பக்கத்தில் இன்னொரு கோழிக்குப் பதில் கிடைக்கும். கோழிகள் பாவம்.

கூரைக்குத் தகரம் வாங்கப் பணம் போதவில்லை. அட்டன் பஜாரில் இருந்த வட்டிக்கடையில் வீட்டையே ஈடு வைத்துக் கடன் எடுத்தேன். கடைக்கு முதலாளி இந்தியாவில் இருந்தார், இங்கே நடத்தியது அவருடைய ஏஜெண்டு. நெற்றி நிறைய விபூதி, குரல் எழும்பாத மனிதர். ஈடு எழுதுவதற்கு முன் வீட்டைப் பார்க்க நேரில் வந்தார். முன்னால் நின்று விரலை நீட்டி வாசல்களை எண்ணினார்.

"மூணு வாசல் இருக்குதுங்களே. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னாலும் மூணு பேருக்கு வாடகைக்கு விட்டுக்கலாம். தைரியமாக் குடுக்கலாம்" என்றார்.

'நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா' என்பதை நான் காதில் வாங்கவே இல்லை. என் மூன்று வாசலை ஒரு பெரிய மனிதர் மெச்சுகிறார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

நாலைந்து வருடம் வட்டி தவறாமல் கட்டினேன். பிறகுதான் அந்தக் காலம் வந்தது. சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில், இந்தியாவில் இருந்து வந்து இங்கே கடை வைத்திருந்தவர்களுக்குத் தங்கும் அனுமதி புதுப்பிக்கப்படாமல் போக ஆரம்பித்தது. ஒவ்வொரு வட்டிக்கடையாகக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்ப வேண்டிய நிலை. கிளம்புகிறவர் கொடுத்த பணத்தை விட்டுவிட்டா போவார்? கேட்டார்கள். எல்லாரிடமும், ஒரே நேரத்தில். பஜாரில் பாதி வீடும் கடையும் ஈட்டில் கிடந்தன. பணம் புரட்டப் போனால் கொடுக்கவும் ஆள் இல்லை, ஏனென்றால் கொடுக்கிறவர்கள்தானே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டில் வழக்கு விழுந்தது, வீடுகள் ஏலத்துக்கு வந்தன.

எங்களுக்குத் துணி தைக்கிற தையல்காரர் வீடு ஏலத்தில் போன அன்று நான் அந்த வழியாக லொறியில் வந்தேன். பெட்டி, பாய், அண்டா எல்லாம் தெருவோரத்தில் கிடந்தன. மனுஷன் தையல் மெஷினை ரோட்டில் போட்டு உட்கார்ந்து யாருடைய காற்சட்டையையோ தைத்துக்கொண்டிருந்தார். லொறியை நிறுத்தினேன்.

"என்னங்க, இங்கயேவா?"

"சாயந்தரம் குடுக்கிறதாச் சொல்லிட்டேங்க. வீடு போச்சுன்னு வாக்குப் போகக்கூடாதுல்ல" என்றார், தலை நிமிராமல்.

சாமான்களை என் லொறியில் ஏற்றி அவர் மச்சான் வீட்டில் இறக்கினேன். கூலி வாங்கவில்லை. அதைச் சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் வாங்கவில்லை.

மறு வாரம் எனக்கும் கோர்ட்டில் இருந்து கடிதம் வந்தது. ஏஜெண்டைப் பார்க்கப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கடைக்குள் நுழைந்தால் பலகைகளைக் கழற்றிக் கட்டி வைத்திருந்தார்கள், சாமி படம் இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது. அவர் ஒரு தகரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"எனக்கும் நாள் குறிச்சிட்டாங்கய்யா" என்றார். "கணக்கை முடிக்காமப் போனா மொதலாளி என்னைய முடிச்சிருவாரு. ஒங்க வீட்டை வச்சு நான் என்ன பண்ணப் போறேன், தலையில தூக்கிட்டா போக முடியும்? ஒரு வழி பாருங்க. எனக்கும் அதுதான் நல்லது."

வழி பார்க்காவிட்டால் எனக்கும் தம்பிக்கும் பெரிய ஆபத்து இல்லை. கை கால் திடமாக இருக்கிற ஆம்பளைகள், பெண்டாட்டிகளும் கொழுந்து எடுக்கத் தெரிந்தவர்கள். ஏதாவது ஒரு தோட்டத்தில் பேர் பதிந்து, லயத்தில் ஓர் அறைக்குள் ஒண்டிக்கொள்ளலாம். மானம் போகும், உயிர் போகாது. அக்கா விஷயம் அப்படி இல்லை. லயத்தில் இடம் தோட்டத்துப் பேர்ப் பதிவில் இருக்கிறவர்களுக்குத்தான். அக்கா புருஷன் இறந்த பிறகு, 'என் வீட்டில் நீ ராணி மாதிரி இரு' என்று நான்தான் அவளைக் கூட்டி வந்தேன். அவள் பேரை வெட்டிவிட்டார்கள். பிள்ளை குட்டியும் இல்லை. இனி அந்த வயதில் யார் பதிவார்கள்?

நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் விறகை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"தோட்டத்துப் பக்கம் போயி கண்டாக்கையாவைப் பாத்துட்டு வந்தேன் தம்பி. வேலை மேப்பாக்குறவரு, நம்மளத் தெரிஞ்ச மனுஷன்தானேன்னு கேட்டேன். ஒத்தக் கெழவிக்கெல்லாம் லயத்துக் காம்பரா குடுக்க முடியாதுன்னுட்டாரு. நல்லாத்தான் பேசுனாரு. தேத்தண்ணி குடுத்தாரு."

தேத்தண்ணி கொடுத்ததையும் ஓர் உபகாரமாக அவள் சொன்னபோது, நானும் குனிந்து விறகை அடுக்க ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில் அரசாங்கம் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் பேப்பரில் படித்துச் சொன்னார். எனக்கும் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், ஆனால் சட்டம் என்றால் அவர் வாசித்தால்தான் சட்டம் மாதிரி இருக்கும். குடியிருக்கிற வீடு ஈட்டில் மூழ்கப் போகிறவர்களுக்கு அரசாங்கமே கடன் கொடுத்து ஈட்டை மீட்டுத் தரும். குறைந்த வட்டி, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடத்தில் கட்டலாம். மனுப் போட்டவர்களின் வீட்டை முடிவு தெரியும்வரை ஏலம் விட மாட்டார்கள். ஆனால் மனுக்காரன் இந்த நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டும். வீடு அவன் குடியிருக்கிற வீடாக, ஒரே குடும்பம் வாழ்கிற வீடாக இருக்க வேண்டும். அறைகள் கட்டி வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறவர்களுக்கு இந்தப் பணம் இல்லை.

நியாயமான சட்டம்தான். இல்லாவிட்டால் பணக்காரர்கள் முன் வரிசையில் வந்து நின்றிருப்பார்கள். பிரஜா உரிமை என்னிடம் இருந்தது. எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் மனுப் போட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்ற காலத்தில், அரசாங்கக் கந்தோர், கச்சேரி என்று ஏறி இறங்கி அந்தத் தாளை வாங்கியவன் நான். வீடும் என் பேரில். அதில் குடியிருப்பதும் நான். பிறகென்ன, காசு வந்த மாதிரிதான் என்று தம்பியிடம் சொன்னேன். தம்பி என்னைப்போல் இல்லை, அவனுக்கு எதிலும் சந்தேகம். "வந்த பெறகு சொல்லுண்ணே" என்றான்.

வீட்டைப் பார்க்க அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் ரயிலில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடி, கையில் அளவு நாடா, காற்சட்டையைச் சப்பாத்துக்குள் சொருகியிருந்தார். அட்டைக் கடிக்குப் பயந்தவர் என்று தெரிந்தது. வாசல் வாசலாக நின்று பார்த்தார், உள்ளே போனார், வெளியே வந்தார், அடுத்த வாசலில் உள்ளே போனார், வெளியே வந்தார். மூன்றாவதிலும் அப்படியே. முகம் மாறிக்கொண்டே வந்தது.

"இதில எத்தனை குடும்பம் வாடகைக்கு இருக்கு?"

"வாடகையா? ஐயா, இவன் எங்கூடப் பொறந்த தம்பி. அது எங்கக்கா. கூடப் பொறந்ததுககிட்ட வாடகை வாங்குற ஆளு மாதிரியா தெரியுது என்னையப் பாத்தா?"

"கோவிக்காதேங்கோ. மூண்டு வாசல், மூண்டு அடுப்பு, உள்ளுக்கால போய்வர வழியும் இல்லை. இதை வீடு எண்டு நான் எப்பிடி எழுதுறது? ஆர் பாத்தாலும் லயத்து லைன் எண்டுதான் சொல்லுவினம்."

"எங்களுக்கு வீடுன்னா இதுதாங்கய்யா தெரியும்."

அவர் அளவு நாடாவைச் சுருட்டினார். "எனக்கு விளங்குது. ஆனா கொழும்பில இருக்கிறவைக்கு நான் எழுதுறது மட்டுந்தான் விளங்கும். ஒரு குடும்பம் எண்டா ஒரு குசினி, ஒரு அடுப்பு. அப்பிடித்தான் சட்டத்தில கிடக்கு."

நாங்கள் ஒரே குடும்பம்தான் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அண்ணன் தம்பி ஒற்றுமையைப் பற்றி நன்றாகவே பேசினேன். அந்த நேரம் பார்த்து என் மனைவியுடைய கோழி அந்தப் பக்கம் போய்விட்டது.

"போ, போயி அங்கயே கெட. அந்த வீட்டுச் சோத்தத் தின்னா ஒனக்கும் அந்தப் புத்திதான் வரும்" என்றாள் இவள்.

"எங்க வீட்டுப் புத்தி எங்களுக்குப் போதும். சட்டிக்குக் கணக்குப் பாக்குற புத்தி எங்களுக்கு வேணாம்" என்றாள் அவள், வேறொரு கோழியிடம்.

உத்தியோகத்தர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். "அவை ரெண்டு பேரும் ஏன் கோழியோட கதைக்கினம்?"

"கோழி வளர்க்குறதுல ரெண்டு பேருக்கும் ரொம்ப அக்கறைங்க" என்றேன்.

அவர் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் உடப்புசல்லாவைப் பக்கம் வேற அலுவலாப் போறன். முடிஞ்சு திரும்பேக்க இந்த ரயில்லதான் வரவேணும். அப்ப இதில ஒருக்கா இறங்கிப் பாக்கிறன். அதுக்குப் பிறகுதான் எழுதுவன். அவ்வளவுதான் என்னால ஏலும்."

வேறொருவராக இருந்தால் அன்றே எழுதித் தள்ளிவிட்டுப் போயிருப்பார். அவருக்கு என்ன அவசியம்?

அவர் போனதும் சம்மட்டியை எடுத்தேன். தம்பியும் நானும் இரண்டு குறுக்குச் சுவரையும் உடைத்து நிலை வைத்தோம். ஒரு கோடியில் நுழைந்தால் மறு கோடி வரை நனையாமல் நடக்கலாம். என் வீட்டுக்குள் நானே முதல் தடவையாக அப்படி நடந்து பார்த்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, துரை பங்களாவில் நடக்கிற மாதிரி. நன்றாகத்தான் இருந்தது.

சுவர் உடைந்தது, அடுப்பு உடையவில்லை. இரண்டு அடுப்பைத் தூக்க வேண்டும் என்று சொன்னதும் என் மனைவி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"எதுக்கு என் அடுப்ப ஒடைக்கணும்? மூத்த மருமக நானு. ஒடைக்கிறதா இருந்தா அங்க போயி ஒடைங்க."

"அடுப்பு போனா நான் அவ கையால வாங்கித் திங்கணுமா? அதுக்கு ரோட்டுலயே போயி உக்காந்துக்கலாம்" என்று தம்பி மனைவி சொன்னாள். என்னிடம் நேராகப் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை, கதவுக்குப் பின்னால் நின்று தம்பியிடம் சொல்வாள்.

நான் சத்தம் போட்டுப் பார்த்தேன். என் ஒரு சத்தத்துக்கு முப்பது விறகு வெட்டிகள் மரத்தை விட்டு இறங்குவார்கள். இவர்கள் இரண்டு பேரும் அசையவில்லை. கெஞ்சியும் பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை. தம்பி ஒரு யோசனை சொன்னான். அந்த உத்தியோகத்தர் வருகிற அன்று இரண்டு அடுப்பின் மேலும் பலகை போட்டு, விறகை அடுக்கி மூடிவிடலாம் என்றான். எனக்கும் சரி என்று பட்டது.

அக்கா தகரத்தைக் காட்டினாள். "கூரையைப் பாருங்கடா. மூணு எடத்துல பொகை கறுப்பா அடிச்சிருக்கு. அடுப்ப மூடுவீங்க, கூரைய எதால மூடுவீங்க? அந்தப் புள்ள நம்மள நம்பித் திரும்பி வாறேன்னு போயிருக்கு. அதுக்குப் பொய் சொல்லவா?"

தம்பி தலையைச் சொறிந்தான். அக்கா எழுந்து நடு இஸ்தோப்பில், தன் அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவள் உயரம் குறைவு. ஆனாலும் அன்றைக்கு எங்கள் எல்லாரையும் மேலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

"நான் இது வரைக்கும் ஒங்க யாரு அடுப்புலயும் வாங்கித் தின்னதில்ல. தம்பி வீட்டுல ஒண்டிக் கெடக்குறான்னு ஒரு பேரு வரக்கூடாதுன்னு ஒரு சுண்டு அரிசின்னாலும் தனியாப் பொங்கித் தின்னேன். இப்பச் சொல்றேன். நீ அவ அடுப்புக்குப் போக வேணாம். அவ ஒன் அடுப்புக்கு வர வேணாம். ரெண்டு பேரும் என் அடுப்புக்கு வாங்க. நாத்தனா வீட்டுக்குச் சாப்பிட வாறதுல யாருக்கும் கொறைவு இல்லையே?"

பிறகு என் மனைவி மெதுவாக, "அண்ணி அடுப்புன்னா எனக்கென்ன. அவ அடுப்புக்குத்தான் போக மாட்டேன்னு சொன்னேன்" என்றாள்.

"நானும் அதத்தான் சொன்னேன்" என்றது கதவுக்குப் பின்னால் இருந்து தம்பி மனைவியின் குரல்.

அந்த யோசனை எனக்கும் வந்திருக்கும். அக்கா முந்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

அடுப்பை உடைக்க என்னை விடவில்லை. என் மனைவி தன் அடுப்பைத் தானே உடைத்தாள். சாம்பலை அள்ளி முறத்தில் போட்டு, ஒரு கல்லைக் கையில் எடுத்து முந்தானையால் துடைத்தாள். கல்யாணமாகி வந்த வருடம் அவள் அம்மாவும் அவளும் சேர்ந்து பூசிய அடுப்பு அது, லயத்தில் இருந்து கல்லோடு பெயர்த்துக் கொண்டுவந்தது. அந்தப் பக்கத்தில் தம்பி மனைவி உடைக்கும் சத்தம் கேட்டது. இரண்டு சத்தமும் ஒரே நேரத்தில் நின்றன. நான் வெளியே போய் லொறியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டயருக்கு ஒன்றும் இல்லை.

மறு நாளில் இருந்து நடு அடுப்பில் ஒரே உலை. அக்கா அரிசி போடுவாள், ஒருத்தி காய் நறுக்குவாள், ஒருத்தி தேங்காய் திருவுவாள். ஒருத்தி கறிப்பக்கம் வந்தால் மற்றவள் விறகுப்பக்கம் போய்விடுவாள். பேச்சு மட்டும் இல்லை. கோழிகளுக்கும் வேலை இல்லாமல் போனது, ஒருத்திக்குப் பக்கத்திலேயே மற்றவள் நிற்கும்போது கோழியைத் திட்டினால் நன்றாக இருக்காது அல்லவா.

உத்தியோகத்தர் வந்தது மத்தியான நேரம், நல்ல மழை. குடை வளைந்துபோய், முழுக்க நனைந்து ஏறி வந்தார். வந்தவர் முதலில் உள்வழியைப் பார்த்தார், ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு நடந்தார். அடுப்பு இருந்த இடங்களைப் பார்த்தார். மேலே கூரையில் மூன்று கறுப்பையும் பார்த்தார். கறுப்பைத் தேய்க்கச் சொல்லித் தம்பி எவ்வளவோ சொல்லியும் அக்கா விடவில்லை. "இருந்ததுதானே, இருக்கட்டும்" என்றுவிட்டாள்.

அவர் முகத்தில் இன்னும் சந்தேகம் இருந்தது. எனக்கே தெரிந்தது, ஒரு வாரத்துக்காக உடைத்து வைத்துவிட்டு, இவர் ரயில் ஏறியதும் திரும்பக் கட்டிக்கொள்வார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"நல்லா நனைஞ்சிட்டீங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள் அக்கா. அவர் வேண்டாம் என்றார். அக்கா அதைக் கேட்காத மாதிரி தட்டை வைத்தாள். சோறு, உருளைக்கிழங்குக் குழம்பு, சம்பல். எனக்கும் பக்கத்தில் ஒரு தட்டு. முதல் வாய் வைத்தேன். கடல் தண்ணீரை அள்ளிக் குடித்த மாதிரி இருந்தது. அக்கா குழம்பில் உப்புத் தவற மாட்டாள், எனக்குத் தெரியும். அவரும் ஒரு வாய் வைத்தார். மெல்லாமல் விழுங்கினார். செம்புத் தண்ணீரை எடுத்து முழுக்கக் குடித்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இவ்வளவு கஷ்டப்பட்டு, ஒரு பிடி உப்பில் வீடு போகப் போகிறது.

"ஆர் கறிக்கு உப்புப் போட்டது?" என்று கேட்டார்.

"நாந்தாங்க" என்றாள் அக்கா.

என் மனைவி தரையைப் பார்த்தாள். "அண்ணி மறந்துட்டாங்களோன்னு நானும் கொஞ்சம் போட்டேங்க."

கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. பிறகு, "யாரும் போட்ட மாதிரித் தெரியல. நானும் போட்டேன்."

"ஏன், என்னையக் கேட்டா என்ன?" என்றாள் என் மனைவி, படக்கென்று, கதவைப் பார்த்து.

"நீங்க சொல்லியிருந்தா நான் ஏன் போடப் போறேன்?" என்றாள் அவள், வெளியே வந்து.

கருவாட்டுச் சட்டிக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான். உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"நடிப்பு எண்டு நினைச்சுத்தான் நான் ஏறி வந்தனான்" என்றார். "நடிக்கிறவை எண்டா ஆளையாள் கேட்டு, அளவா உப்புப் போட்டு, எனக்கு நல்ல சாப்பாடு தந்திருப்பினம். இது நடிப்பில்லை. ஒரு சட்டியில மூண்டு பேர் உப்புப் போட்டா அது ஒரு குடும்பந்தான். எங்கட வீட்டில அம்மாவும் பெரியம்மாவும் இப்பிடித்தான், முப்பது வருஷமா."

மிச்சச் சோற்றுக்குத் தயிர் விட்டுப் பிசைந்து முழுக்கச் சாப்பிட்டார். குழம்பைத் தொடவில்லை, அதில் குறை சொல்ல முடியாது. கை கழுவிவிட்டு, அதே இஸ்தோப்பில் உட்கார்ந்து தன் தாளில் எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. போகும்போது அக்காவிடம் மட்டும் சொன்னார்.

"உங்கட பேரையும் எழுதியிருக்கிறன் அம்மா, இந்த வீட்டில குடியிருக்கிற ஆளா. கடன் கிடைக்கும் எண்டு நான் சொல்லக்கூடாது. ஆனா நீங்க வேற இடம் பாக்கத் தேவையில்லை."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் கூச்சப்பட்டுக் குடையைத் தேடினார்.

கடன் கிடைத்தது. ஏஜெண்டு தன் கடைசி வேலையாக வந்து ஈட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். "ஒங்க கணக்கு ஒண்ணுதான்யா சண்ட சச்சரவு இல்லாம முடிஞ்சது" என்றார். தலைமன்னார்க் கப்பலுக்கு அவர் சாமான்களையும் என் லொறிதான் ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போனது. அந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடு போன வருடங்களில் என் வீடு நின்றது. அதில் எனக்குப் பெருமை உண்டு. அடுப்பை உடைத்தவர்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன்.

ஒன்று பாக்கி இருந்தது. அடுப்பை உடைத்தபோது, எல்லாம் முடிந்ததும் திரும்பக் கட்டித் தருவேன் என்று இரண்டு பெண்களிடமும் வாக்குக் கொடுத்திருந்தேன். நான் வாக்குத் தவறாதவன். உத்தியோகத்தர் எங்களை நம்பி எழுதிவிட்டுப் போன பிறகு அதைச் செய்வது சரியா என்று ஒரு குறுகுறுப்பு இருந்தாலும், ஒரு லொறி செங்கலும் களிமண்ணும் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினேன். யாருக்கு முதலில் கட்ட வேண்டும் என்று கேட்டேன்.

"எனக்கு அவசரமில்ல. அவளுக்கு வேணும்னா கட்டிக்குடுங்க" என்றாள் என் மனைவி.

"எனக்கு ஏன்? மூத்தவங்க கட்டிக்கிட்டா பெறகு பாத்துக்கலாம்" என்றாள் தம்பி மனைவி, தம்பியைப் பார்த்து.

எனக்கு விளங்கியது. முதலில் தனி அடுப்பு வைக்கிறவள்தான் குடும்பத்தைப் பிரித்தவள் என்று பேர் வாங்குவாள். அந்தப் பேரை வாங்க இரண்டு பேரும் தயாராக இல்லை. எந்தப் பிடிவாதம் அவர்களைப் பிரித்து வைத்ததோ, அதே பிடிவாதம் இப்போது ஒரே அடுப்பில் கட்டிப்போட்டிருந்தது. அன்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்பு இல்லாத வீடுகளில் இதைவிட மோசமான சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன்.

அக்கா உள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். செங்கல் குவியலைப் பார்த்தாள், எங்களை வரிசையாகப் பார்த்தாள்.

"இவ்வளவு கல்ல வாங்கிட்டு வந்து வாசல்ல கொட்டுனா நான் எப்புடி நடக்குறது?" என்றாள். "நடு அடுப்ப இன்னும் ரெண்டு முழம் நீட்டிக் கட்டு. மூணு சட்டி ஒரே நேரத்துல வைக்கணும். பெரிய குடும்பமா இருக்கு."

கட்டினேன். அந்த அடுப்பையும் நான்தான் கட்டினேன்.